டிடி-214: 24ஆம் கட்டம் வேறு, 27ஆம் கட்டம் வேறு

அமெரிக்க ராணுவத்திலும் கடற்படையிலும் சேர்கிற நம் வீட்டுப் பிள்ளைகளை இப்போது அங்கங்கே பார்க்கிறேன். யூனிஃபார்மில் எடுத்த போட்டோ குடும்ப வாட்ஸ்ஆப் குழுவுக்கு வரும், எல்லோரும் வாழ்த்துவார்கள். ஆனால் பாதியில் வெளியே வந்தவர்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நான் அப்படி வந்தவன். கிரீன் கார்டோடு 2014இல் கடற்படையில் சேர்ந்தேன், சர்வீஸ் மூலமாகவே குடியுரிமையும் வாங்கினேன், 2018இல் ஜெனரல் டிஸ்சார்ஜோடு, அதாவது முழு மரியாதையான ‘ஆனரபிளுக்கு’ ஒரு படி கீழே, அனுப்பப்பட்டேன். வெளியே வரும்போது கொடுக்கும் டிடி-214 என்ற அந்தத் தாளைத் திருத்தி மறுபடி உள்ளே போகலாம் என்று கிளம்பியதில் எத்தனையோ வருடமும் கணிசமான பணமும் போனது. கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஆள் இல்லை. இதே நிலைமையில் இருக்கும் யாராவது ஒருவருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். கப்பலில் லுக்அவுட் வாட்சில், அதாவது கடலைக் கண்காணிக்கும் காவல் முறையில், தூங்கியதாக இரண்டு முறை பிடிபட்டேன். எங்கள் கப்பலில் ஐந்து மணி நேரம் வாட்ச், பத்து மணி நேரம் இடைவெளி என்ற சுழற்சி. பெயருக்குத்தான் இடைவெளி. பராமரிப்பு வேலை, பயிற்சி, துப்புரவு, சாப்பாடு, தூக்கம் எல்லாம் அந்தப் பத்துக்குள் அடங்க வேண்டும். சுழற்சி நகர்ந்துகொண்டே இருப்பதால் இன்று இரவில் தூங்கினால் நாளை பகலில் தூங்க வேண்டியிருக்கும். 2017இல் ஃபிட்ஸ்ஜெரால்ட், ஜான் எஸ். மெக்கெயின் என்ற கடற்படைக் கப்பல்கள் அடுத்தடுத்து வேறு வேறு வணிகக் கப்பல்களோடு மோதி 17 மாலுமிகள் இறந்த பிறகுதான் மாலுமிகளின் தூக்கம் பற்றி வெளியுலகம் பேசியது. மாலுமிகள் வாரத்துக்கு 108 மணி நேரம் வரை பணியில் இருக்கிறார்கள் என்று கடற்படையின் ஆய்வே சொல்லியிருந்தது அப்போதுதான் பரவலாகத் தெரிந்தது. ஆனால் அந்த விபத்துகளுக்குப் பிறகு, வாட்சில் கண் அயர்ந்தவனுக்குக் கருணை காட்டும் மனநிலையில் யாரும் இல்லை. கேப்டன்ஸ் மாஸ்ட் என்று கேப்டன் முன்னால் நிறுத்துவார்கள். அதில் ரேங்க் குறைந்தது, இரண்டு மாதம் பாதிச் சம்பளம் போனது, அதன் பின் வெளியேற்றும் நோட்டீஸ் வந்தது.

அந்த நோட்டீஸ் வரும் கட்டத்தில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஆறு வருட சர்வீஸ் முடிந்திருந்தாலோ, அல்லது ஜெனரலுக்கும் கீழான ‘அதர் தேன் ஆனரபிள்’ கொடுக்கும் வாய்ப்பு இருந்தாலோ உங்களுக்கு ஒரு போர்டு முன்னால் வாதாடும் உரிமை உண்டு. எனக்கு ஆறு வருடம் ஆகவில்லை, ‘ஜெனரலுக்குக் கீழே போகாது’ என்றும் நோட்டீசிலேயே எழுதிவிட்டார்கள். பார்க்கத் தயவு மாதிரி இருக்கும். போர்டு இல்லாமல் சீக்கிரம் முடிக்க அதுதான் வழி. அப்போதும் ராணுவ வக்கீலைப் பார்க்கவும், எழுத்தில் உங்கள் தரப்பைக் கொடுக்கவும் உரிமை இருக்கிறது. அந்தப் படிவத்தில் ‘வேண்டாம்’ என்ற கட்டத்தில் கையெழுத்தை வாங்கிவிட அவசரப்படுத்துவார்கள். வக்கீலைப் பாருங்கள், காசு கிடையாது. இரண்டு பக்கமாவது எழுதிக் கொடுங்கள். அன்று எழுதியது ஃபைலில் தங்கும், பிற்பாடு டிஸ்சார்ஜை மறுஆய்வு செய்யும் வாரியத்தின் கண்ணில் படும். என் ஃபைலில் என் தரப்பில் ஒரு வரிகூட இல்லை.

வெளியே வரும்போது அலுவலகத்தில் இருந்தவர் ஆறுதலாகச் சொன்னார், “ஆறு மாசத்துல தானா ஆனரபிளா மாறிடும்.” இது முப்படையிலும் உலாவும் கட்டுக்கதை. எதுவும் தானாக மாறாது. விண்ணப்பிக்க வேண்டும், நிரூபிக்க வேண்டும். நான் அதை நம்பிச் சும்மா இருந்த காலத்தில்தான் கூட வேலை பார்த்தவர்கள் வேறு வேறு கப்பல்களுக்கு மாறிப் போனார்கள், போன் எண்கள் மாறின.

ஜெனரல் டிஸ்சார்ஜ் என்றால் எவ்வளவு இழப்பு என்பது கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது உறைத்தது. படைவீரர் மருத்துவமனை சிகிச்சை கிடைக்கும், ஆனால் படிப்புச் செலவைத் தரும் ஜி.ஐ. பில் கிடைக்காது. அதற்கு முழு ஆனரபிள் வேண்டும். பணியில் சேர்ந்த முதல் வருடம் அந்தத் திட்டத்தை நம்பித்தான் அப்பாவிடம் “படிப்புச் செலவு இனி உங்க தலையில இல்லப்பா” என்று சொல்லியிருந்தேன். கடைசியில் 18,000 டாலர் கடன் வாங்கித்தான் கம்யூனிட்டி காலேஜ் போனேன். ஒரு விஷயத்தில் மட்டும் தப்பித்தேன். சர்வீஸ் மூலம் குடியுரிமை வாங்கியவர், ஐந்து வருட கௌரவமான சர்வீஸ் முடிப்பதற்குள் ‘அதர் தேன் ஆனரபிள்’ அல்லது அதற்கும் கீழே வாங்கினால் குடியுரிமையையே ரத்து செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஜெனரல் அந்த வகையில் வராது. நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாது.

அப்புறம் ஏன் மறுபடி கடற்படைக்கே போக ஆசைப்பட்டாய் என்று அம்மா இன்னும் கேட்கிறாள். கிடங்கில் இரவு ஷிப்டில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே வேலை அது. அந்த வேலையில் நான் மோசமில்லை என்றும் தெரியும். ஒரு ரெக்ரூட்டரைப் போய்ப் பார்த்தேன். தாளை வாங்கிக் கீழ்ப்பக்கம் பார்த்தார், “ஆர்.இ-4. இதை மாற்றிக்கொண்டு வா” என்றார். இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். ஆர்.இ-4 என்றால் மறுபடி சேர்க்கத் தகுதியில்லை என்று பொருள், அது தனிக் கோடு என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் புரிந்துகொண்டது, டிஸ்சார்ஜை ஆனரபிளாக மாற்றினால் போதும் என்று.

மாமா தனக்குத் தெரிந்த வக்கீலிடம் கூட்டிப்போனார். மாமாவின் விசா வேலையெல்லாம் பார்த்துக் கொடுத்தவர். “ராணுவ கேஸும் பார்ப்பாரு மாப்ள, கெட்டிக்காரர்” என்றார். 3,500 டாலர், பாதி முன்பணம், பாதி விண்ணப்பம் போனதும். அவர் டிடி-149 என்ற படிவத்தை நிரப்பி, கடற்படை ஆவணத் திருத்த வாரியத்துக்கு அனுப்பினார். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு, விசாரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் எளிது. டிஸ்சார்ஜ் ஆகி 15 வருடம் தாண்டாதவர் முதலில் டிஸ்சார்ஜ் மறுஆய்வு வாரியத்துக்கு டிடி-293 படிவத்தில் போக வேண்டும். அந்த வழியை முடிக்காமல் திருத்த வாரியம் எடுத்துக்கொள்ளாது. படிவத்தோடு வரும் விளக்கத்தைப் படித்தாலே தெரிகிற விஷயம். வக்கீல் “அடுத்த விண்ணப்பத்துக்குத் தனிக் கட்டணம்” என்றார். மாமாவோடு கொஞ்ச நாள் பேச்சுவார்த்தையே இல்லை. வக்கீல் வைத்தே தீருவேன் என்றால், இந்த இரண்டு வாரியத்திலும் இதற்கு முன் ஆஜரானதுண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்கு வழி காட்டியவர் எங்கள் கவுன்ட்டி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த படைவீரர் சேவை அதிகாரி. வியட்நாம் போன பெரியவர், காது கொஞ்சம் மந்தம். இப்படி ஒருவர் அநேகமாக ஒவ்வொரு கவுன்ட்டியிலும் இருக்கிறார், ஒரு காசு வாங்க மாட்டார். அமெரிக்கன் லீஜியன், டி.ஏ.வி. போன்ற படைவீரர் சங்கங்களிலும், சில சட்டக் கல்லூரிகளின் இலவச மையங்களிலும் இதே உதவி கிடைக்கும். அவர் முதலில் கேட்டது, “மெம்பர்-4 காப்பியா இது?” டிடி-214இல் பல பிரதிகள் உண்டு. மெம்பர்-1 என்ற சுருக்கப் பிரதியில் டிஸ்சார்ஜ் விவரங்கள் இருக்காது. மெம்பர்-4இல்தான் எல்லாம் இருக்கும். நான் கொண்டுபோனது சரியான பிரதிதான். அதை மேஜையில் விரித்து இரண்டு பேப்பர் கிளிப்பை எடுத்தார். ஒன்றை 24ஆம் கட்டத்தின் மேல் வைத்தார், இன்னொன்றை 27ஆம் கட்டத்தின் மேல். “இது உன் சர்வீஸின் தரம். இது மறுபடி சேரும் கோடு. நீ பேசுவதெல்லாம் இதைப் பற்றி” என்று முதல் கிளிப்பைத் தட்டினார். “உனக்கு வேண்டியது அது.” 28ஆம் கட்டத்தில் காரணம் இருக்கும். என்னுடையதில் ‘மிஸ்கண்டக்ட்’ என்று இருந்தது.

முக்கியமான செய்தி இதுதான், கடற்படையிலும் மரைன் கோரிலும் இருந்தவர்களுக்கு. டிஸ்சார்ஜ் மறுஆய்வு வாரியம் 24ஆம் கட்டத்தையும் 28ஆம் கட்டத்தையும் மாற்றலாம். 27ஆம் கட்டத்தைத் தொட அதற்கு அதிகாரமே இல்லை. அங்கே இருக்கும் ஆர்.இ. கோடை, அதாவது மறுபடி சேரும் கோடை, மாற்றுவது திருத்த வாரியத்தின் வேலை. ஆகவே நாம் ஆனரபிள் வாங்கினாலும் ஆர்.இ-4 அப்படியே உட்கார்ந்திருக்கும். தரைப்படையில் நடைமுறை வேறு, அங்கே மறுஆய்வு வாரியமே சில தீர்ப்புகளில் கோடையும் மாற்றுகிறது. அதனால் ராணுவத்தில் இருந்த நண்பன் சொன்னதை வைத்துக் கடற்படைக் கணக்கைப் போடாதீர்கள். இன்னொன்று, மறுஆய்வு வாரியத்துக்குப் போனால் இருப்பதும் குறைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். உங்கள் டிஸ்சார்ஜைக் கீழே இறக்க அவர்களால் முடியாது.

ஆவணம் சேர்ப்பதுதான் உண்மையான வேலை. பணியாளர் ஃபைல் வேறு, மருத்துவ ஃபைல் வேறு. ஒன்றைக் கேட்டால் மற்றது தானாக வராது. நான் முதலில் பணியாளர் ஃபைலை மட்டும் கேட்டு வாங்கிவிட்டு, மருத்துவக் குறிப்பே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியவர் சொல்லித் தனியாகக் கேட்டபோதுதான், கப்பலின் மருத்துவப் பிரிவில் ‘எப்போதும் சோர்வு, காலையில் தலைவலி’ என்று நான் போய்ச் சொன்னது ஒரு வரியாகப் பதிவாகியிருந்தது தெரிந்தது. இதற்கிடையில் படைவீரர் மருத்துவமனையில் தூக்கப் பரிசோதனை செய்து, எனக்கு ஸ்லீப் ஆப்னியா என்று சொல்லியிருந்தார்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற கோளாறு. அந்தப் பழைய ஒரு வரியும் இந்தப் புதிய ரிப்போர்ட்டும் சேர்ந்ததும் எனக்கே என் கதை வேறு மாதிரி தெரிந்தது. அன்று இரவு சந்தோஷமா கோபமா என்று சொல்லத் தெரியாமல் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். கூட இருந்த ஒருவன் தன் பழைய போனில் வாட்ச் அட்டவணையின் போட்டோவை வைத்திருந்தான். எங்கள் சீஃப் ஒருவர், இப்போது ஓய்வு பெற்றவர், கடிதம் கொடுத்தார். “நல்ல பையன்” என்று எழுதும் கடிதம் பத்து இருந்தாலும் பயனில்லை. அவர் எழுதியது அந்த மாதத்தில் எங்கள் பிரிவில் எத்தனை ஆள் குறைவு, யார் யார் இரட்டை வாட்ச் பார்த்தார்கள் என்று. அப்படிக் கேட்டு வாங்குங்கள்.

வாரியத்தின் பழைய தீர்ப்புகள், பெயர்களை மறைத்து, பென்டகனின் இணைய வாசிப்பறையில் கிடக்கின்றன. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இரவு ஷிப்ட் முடிந்து வந்து அவற்றைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். உங்கள் குற்றச்சாட்டைப் போட்டுத் தேடினால், எந்த வாதம் எடுபட்டது, எது விழுந்தது என்று பிடிபட்டுவிடும். ‘நல்ல வேலை கிடைக்கணும்’ என்ற வாதம் ஒவ்வொரு தடவையும் விழுகிறது. வாரியம் பார்ப்பது இரண்டே விஷயம், விதிப்படி நடந்ததா, நடந்தது நியாயமா. மனநலக் கோளாறு, மூளைக் காயம், பாலியல் தாக்குதல் தொடர்பான கேஸ்களைத் தாராளமாகப் பார்க்கச் சொல்லி 2014இல் பாதுகாப்பு அமைச்சர் ஹேகல், 2017இல் பென்டகன் அதிகாரி குர்டா கையெழுத்திட்ட ஆணைகள் இருக்கின்றன. ஸ்லீப் ஆப்னியா அந்தப் பட்டியலில் வராது. நியாயம், கருணை பற்றிய 2018ஆம் வருட வில்கி ஆணையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். படிவத்தில் உங்கள் வாதங்களை ஒன்று, இரண்டு என்று தனித்தனியாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். ஒரே பத்தியில் கொட்டி வைத்தால் நழுவிவிடும்.

முதலில் ஆவணங்களை மட்டும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிராகரித்தால் நேர் விசாரணை கேட்கும் வாய்ப்பு மிச்சம் இருக்கும். நேர் விசாரணையில் ஆரம்பித்தால் ஆவண விசாரணைக்குத் திரும்ப முடியாது. என் விண்ணப்பம் ஆவணச் சுற்றில் தோற்றது. 2023இல் வீடியோவில் ஐந்து பேர் முன்னால் உட்கார்ந்தேன். அப்பாவின் டையைக் கட்டிக்கொண்டு, மனப்பாடம் செய்த உரையோடு. ஒருவர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார், நீங்கள் கேப்டனாக இருந்து லுக்அவுட் தூங்கினால் என்ன செய்திருப்பீர்கள்? உரை மொத்தமும் மறந்துபோனது. “தண்டனை கொடுத்திருப்பேன் சார். இரண்டாவது தடவையும் நடந்தால் டாக்டரிடம் அனுப்பியிருப்பேன்” என்றேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார். ஐவரில் பெரும்பான்மை போதும். சில வாரம் கழித்து வந்த கவரில் ஆனரபிள், காரணக் கட்டத்தில் ‘மிஸ்கண்டக்ட்’ போய், குற்றம் எதுவும் சொல்லாத ‘செக்ரட்டேரியல் அத்தாரிட்டி’. அம்மா பூஜை அறையில் வைத்தாள். 27ஆம் கட்டத்தில் அதே ஆர்.இ-4.

சரி, திரும்பவும் டிடி-149, இந்தத் தடவை முறைப்படி, வக்கீல் இல்லாமல். தவறு தெரியவந்த மூன்று வருடத்துக்குள் போட வேண்டும் என்பது விதி. தாமதமாகிவிட்டாலும், நியாயத்தின் பொருட்டு அதைத் தள்ளுபடி செய்ய வாரியத்துக்கு அதிகாரம் உண்டு, அதனால் காலம் போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். இந்த மாதிரி விண்ணப்பங்களில் 90 சதவீதத்தைப் பத்து மாதத்துக்குள்ளும், எல்லாவற்றையும் 18 மாதத்துக்குள்ளும் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. திட்டமிடும்போது 18 மாதத்தை வைத்தே திட்டமிடுங்கள். என் வாதம் சுருக்கம். வெளியேற்றிய காரணமே நீக்கப்பட்ட பிறகு, அந்தக் காரணத்துக்காகப் போட்ட கோடு எதற்கு? ஏற்றுக்கொண்டார்கள். ஆர்.இ-1 வரிசையில் புதிய கோடு வந்தது. வயதும் தடையாக இல்லை, 2022 நவம்பரில் கடற்படை வயது வரம்பை 41 ஆக உயர்த்தியிருந்தது. அந்த வாரம் நான் எங்கேயும் நடந்து போகவில்லை, மிதந்துதான் போனேன்.

ரெக்ரூட்டர் இந்தத் தடவை நாற்காலி போட்டார். ஃபைல் நகர்ந்து மருத்துவப் பரிசோதனை நிலையம் வரை போனது. அங்கே இருந்த டாக்டர் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி, “ஸ்லீப் ஆப்னியாவுக்கு மெஷின் போடுகிறீர்களா?” புதிதாகச் சேர்பவர்களுக்கான மருத்துவத் தகுதி விதியில் ஸ்லீப் ஆப்னியா தகுதியிழப்பு. எந்த ரிப்போர்ட்டால் ஆனரபிள் வாங்கினேனோ அதே ரிப்போர்ட் என்னை வாசலில் நிறுத்திவிட்டது. இதை யாருமே எனக்குச் சொல்லவில்லை, அந்தப் பெரியவர்கூட. என்னோடு முடியும் விஷயமும் இல்லை இது. பி.டி.எஸ்.டி.யை, அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலக் கோளாறை, காட்டி டிஸ்சார்ஜை உயர்த்துபவர்களுக்கும் இதே கதிதான், அந்த வரலாறும் சேர்க்கைக்குத் தடை. உயர்த்தித் தரும் ஆணைகள் ஒரு பக்கம் நோயைக் காட்டு என்கின்றன, சேர்க்கும் விதிகள் நோய் இல்லாதவனைக் கேட்கின்றன. இரண்டையும் எழுதியவர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசியதே இல்லை போலும்.

ஆகவே விண்ணப்பத்தில் முதல் வரி எழுதும் முன்பே எது வேண்டும் என்று தீர்மானியுங்கள். ஜி.ஐ. பில், கௌரவம், வேலைக்கான தாள் வேண்டும் என்றால் மருத்துவ ஆதாரம் அத்தனையையும் வையுங்கள். மறுபடி சேருவதுதான் நோக்கம் என்றால், சேர்க்கைக்கான மருத்துவ விதிகளை முதலில் படித்துவிட்டு, பணிச்சுமை, ஆள் குறைவு, நடைமுறைத் தவறு, அதன் பிறகு நீங்கள் வாழ்ந்த விதம் இவற்றின் மேல் கேஸைக் கட்ட முடியுமா என்று பாருங்கள். நோயை மறைக்கச் சொல்லவில்லை. 2022 முதல் பரிசோதனை நிலையத்தில் மின்னணு மருத்துவப் பதிவுகளே அவர்கள் திரைக்கு வந்துவிடுகின்றன, பொய் சொல்லிச் சேர்வது தனிக் குற்றம். இருப்பதை எங்கே, எதற்காக முன்வைக்கிறீர்கள் என்பது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது.

நான் வெய்வர், அதாவது விதிவிலக்கு, கேட்டேன், கிடைக்கவில்லை. எடை குறைத்து, மெஷின் இல்லாமல் தூங்கும் அளவுக்கு வந்து, புதிய பரிசோதனையில் கோளாறு இல்லை என்று வந்தால் மறுபடி பார்க்கலாம் என்றார் ரெக்ரூட்டர். வெய்வர் என்பது அந்தந்த வருடத்தின் ஆள் தேவையைப் பொறுத்தது. 2023இல் கடற்படை தன் ஆள்சேர்ப்பு இலக்கைத் தொடாமல் தவித்தபோது கதவு அகலமாகத் திறந்திருந்தது, நான் போன நேரம் அப்படியில்லை. இப்போது ஜி.ஐ. பில்லில் மரைன் இன்ஜினீயரிங் படிக்கிறேன். ட்யூஷனும் வீட்டு வாடகைக்கான தொகையும் வருகிறது, பழைய 18,000 டாலர் கடனில் இன்னும் பாக்கி இருக்கிறது. தினமும் காலையில் ஓடுகிறேன். அடுத்த தூக்கப் பரிசோதனைக்குத் தேதி வாங்கியிருக்கிறேன்.